செகண்ட் ஹேண்டில் வேகமான கார்: ஓட்டத்தையும் வாரண்டியையும் சேர்த்துப் படிப்பது எப்படி

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வடசென்னை மூலக்கடையில் நின்று ‘மைலேஜ் எவ்ளோண்ணே?’ என்று கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பதில் வரும். வெளிநாட்டுக் கார் வீடியோக்களில் வரும் மைலேஜ் வேறு. அது கார் பிறந்த நாளிலிருந்து ஓடிய மொத்தத் தூரம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது மைலேஜைப் பற்றியது. நம் புரோக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரையே வைத்துக்கொள்வோம்: ஓட்டம்.

பழைய கார் பேச்சு எங்கே நடந்தாலும் ஒரு வாக்கியம் வந்துவிடும். ‘கம்மி ஓட்டம், வாரண்டி இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.’ வீட்டுக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்குகிறவருக்கு இது ஓரளவு தாங்கும். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், மினி கூப்பர் எஸ், பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி வண்டிகளுக்குத் தாங்காது. பெர்ஃபாமன்ஸ் கார் என்பது சாதாரண கார் அளவிலேயே இரண்டு மூன்று மடங்கு குதிரைத்திறனை அடைத்து, அதற்குத் தோதான பிரேக், டயர், கியர்பாக்ஸ் போட்ட வண்டி. ஆக்டேவியா ஆர்எஸ் 245-ல் 2 லிட்டர் என்ஜினிலிருந்து 245 குதிரைத்திறன் வருகிறது. 2020-ல் இந்தியாவுக்கு வந்ததே 200 வண்டிதான். இப்படிப்பட்ட வண்டியில் ஒன்று போனால், பாகத்தின் விலையும் அது வந்து சேரக் காத்திருக்கும் நாளும் சின்னக் காரோடு ஒப்பிடவே முடியாது.

ஜெனரேட்டருக்கு ஏது கிலோமீட்டர்?

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஆனாலும் தேய்கிறது, ஆயில் மாற்ற வேண்டியிருக்கிறது. எப்போது மாற்றுவது என்று பார்க்க அதில் மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். காசிமேட்டு விசைப்படகு என்ஜினுக்கும் சர்வீஸ் மணிக்கணக்கில்தான். என்ஜினுக்குத் தெரிந்தது சுற்றும் நேரமும் சூடும்தான், சாலையின் நீளம் தெரியாது.

காருக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்ஜின் மணி என்பது என்ஜின் ஓடிக்கொண்டிருந்த மொத்த நேரம். ஒரு வண்டி தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தது, சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ. என்று வைப்போம். மீட்டரில் 32,000 கி.மீ. காட்டினால் என்ஜின் ஓடியது 2,000 மணி நேரம். இன்னொரு வண்டி மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி ஸ்ரீசிட்டி வரை நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வந்தது, சராசரி 50 கி.மீ. மீட்டரில் 70,000. என்ஜின் ஓடியது 1,400 மணி நேரம்.

விளம்பரத்தில் முதல் வண்டிதான் ‘கம்மி ஓட்டம்’. என்ஜின், டர்போ, கிளட்ச் மூன்றும் அதிகம் உழைத்தது அந்த வண்டியில்தான். ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது, ஃபேன் ஓயாமல் சுற்றும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஒவ்வொரு இரண்டடிக்கும் கிளட்சைப் பிடித்து விடும். இரட்டை கிளட்ச் என்றால் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என்று இரண்டு கிளட்சைக் கணினியே இயக்கும் பெட்டி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் டிஎஸ்ஜி என்பார்கள். நகர நெரிசலில் முதலில் தேய்வது இதன் கிளட்ச் தட்டுகள். ஆயிலில் நனையாத உலர் வகை இன்னும் சீக்கிரம் சூடாகும்.

நெடுஞ்சாலை வண்டிக்கும் தேய்மானம் உண்டு. முன் பம்பரில் கல்லடி, கண்ணாடியில் பொடிக் கீறல், சக்கர பேரிங் இரைச்சல் எல்லாம் இருக்கும். அவற்றைச் சரிசெய்யும் செலவு கியர்பாக்ஸ் செலவின் பக்கத்தில்கூட வராது.

மணிக்கணக்கை எப்படிப் பார்ப்பது? அந்தப் பிராண்டுக்கான ஸ்கேனரை, அதாவது காரின் கணினியைப் படிக்கும் கருவியைச் செருகினால், பல மாடல்களில் கட்டுப்பாட்டுக் கணினி வைத்திருக்கும் மணிக்கணக்கைப் படிக்கலாம். ஓட்டத்தை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். டாஷ்போர்டு திரையில் தெரியும் சராசரி வேகத்தை நம்ப வேண்டாம். கடைசியாக யாரோ ரீசெட் செய்த நாளிலிருந்துதான் அது கணக்கு.

‘டாக்டர் ஓட்டின வண்டி சார்’

இந்த வசனத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 3 கி.மீ., திரும்ப 3 கி.மீ. டர்போ என்ஜினுக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது.

டர்போ என்பது புகைபோக்கியில் வெளியேறும் சூடான வாயுவால் சுழலும் சிறு விசிறி. அது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் பல நிமிடம் பிடிக்கும். அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால், எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டான ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகிப் போகும். மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் வண்டியில் அதன் முனையை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பளிச்சென்று அடித்தால் சந்தேகப்படலாம்.

இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஆயில் மாற்றும் இடைவெளி பல மாடல்களில் ‘15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது’ என்று இருக்கும். வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓட்டுகிறவர், ‘இன்னும் பதினஞ்சாயிரமே ஆகலையே’ என்று மூன்று வருடம் அதே ஆயிலில் ஓட்டிவிடுவார். மீட்டர் 9,000 என்று அழகாக இருக்கும். உள்ளே டர்போ பேரிங்கின் கதை வேறு. இதே வேலைதான் வாரண்டியையும் கெடுக்கிறது, அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில், அதாவது பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தெளிக்காமல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் என்ஜினில், உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் கரி படியும். பெட்ரோல் அங்கே பட்டால்தானே கழுவும்? காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம், தள்ளாடுவது இதன் அறிகுறிகளில் ஒன்று. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பேச்சை முடித்துக்கொண்டு வேறு நாள் போவதே நல்லது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: ஓட்டம் தூரத்தைச் சொல்லும், தேய்மானத்தைச் சொல்லாது. மணிக்கணக்கும் ஆயில் மாற்றிய தேதிகளும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

நின்ற வண்டி, கடல் காற்று

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலோரத் தெருவில் வெளியிலேயே நின்ற வண்டிக்கு உப்புக் காற்று தனிக் கணக்கு வைத்திருக்கும். ஜாக்கியில் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். சைலன்சர் இணைப்புப் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் போல்ட் தலைகளில் செதில் செதிலாகத் துரு இருக்கிறதா? முன்பக்க ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்கிறதா? மேலோட்டமான செந்துரு பரவாயில்லை. செதிலாகப் பெயர்வது செலவு.

டயருக்கு வயது உண்டு, ஓட்டாவிட்டாலும் கெட்டிப்படும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-ஆவது வாரம் செய்தது. 200 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டியில் ஆறு வயது டயர், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், மாற்றவேண்டிய டயர்தான். நான்கையும் விலையில் கழித்துவிடுங்கள். இந்த வண்டிகளின் டயர் சுவர் குட்டையானது, கன்டெய்னர் லாரி தோண்டிய பள்ளம் ஒன்று போதும். டயரின் உள்பக்கச் சுவரில் வீக்கம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

மீனுக்குச் செவுள், காருக்கு எது?

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் ‘எப்பப் புடிச்சது?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார். மீட்டரும் அப்படித்தான். டிஜிட்டல் மீட்டரைப் பின்னால் திருப்புவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் ஓட்டத்தை எழுதிவைக்கும் இடம் மீட்டர் மட்டும் அல்ல. பிஎம்டபிள்யூ சாவியிலேயே ஓட்டம் பதிவாகும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் கணினியிலும் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு பில்லிலும் அன்றைய ஓட்டமும் தேதியும் இருக்கும். வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணையும் உரிமையாளர் மூலமாகக் கொடுத்து முழு சர்வீஸ் வரலாற்றையும் எடுத்து வரிசைப்படுத்துங்கள். எண்கள் ஏறிக்கொண்டே வர வேண்டும். ஒரு வருடத்தில் 14,000 ஓடி, அடுத்த இரண்டு வருடத்துக்குப் பில்லே இல்லாமல், பிறகு 800 மட்டும் கூடியிருந்தால் அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

கையால் பார்க்கிற சாட்சிகளும் உண்டு. பிரேக் டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை வைத்து உள்ளே இழுங்கள். தட்டையாக இருந்தால் டிஸ்க் புதிது. நகம் ஒரு படியில் தடுக்கி விழுந்தால் நன்றாகத் தேய்ந்தது. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் மிச்சம் தெரிந்துவிடும். 18,000 கி.மீ. காட்டும் வண்டியில் டிஸ்க் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, டிரைவர் சீட்டின் கதவுப் பக்கத் திண்டு மடிந்து வெடித்திருக்கிறது, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. மீட்டர் பொய், அல்லது அந்த 18,000-மும் முரட்டுத்தனமாக ஓட்டப்பட்டது. எதுவானாலும் உங்களுக்கு நல்லதல்ல.

ஓபிடி என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கண்டறியும் செருகுவாய். சாதாரண ஸ்கேனரிலேயே ‘பிழைகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்’ என்ற வரி வரும். அது 12 கி.மீ. என்று காட்டினால், நீங்கள் வருவதற்காக நேற்று யாரோ எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

வாரண்டி: மிக்ஸியிலிருந்து தொடங்குவோம்

மிக்ஸி வாங்கும்போது ‘அஞ்சு வருஷம் வாரண்டி’ என்பார்கள். அட்டையைப் பிரித்தால் ஐந்து வருடம் மோட்டாருக்கு மட்டும். ஜாரும் அதன் ரப்பரும் பிளேடும் தேயும் பொருள், வாரண்டியில் வராது. கார் வாரண்டியின் முழு இலக்கணமும் அந்த அட்டையில் இருக்கிறது: எதற்கு, எத்தனை நாள், எந்த நிபந்தனையில்.

வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறையால் ஒரு பாகம் கெட்டால் சரிசெய்து தருவோம் என்ற எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். தேய்மானத்துக்கு அது பொறுப்பல்ல. பிரேக் பேட், டிஸ்க், டயர், வைப்பர், கிளட்ச் தட்டு எல்லாம் பெரும்பாலும் வெளியேதான். விபத்துக்கும் வெள்ளத்துக்கும் இருப்பது இன்சூரன்ஸ். ஆயில், ஃபில்டர் போன்ற பராமரிப்புக்கு முன்பணம் கட்டுவது சர்வீஸ் பேக்கேஜ். புரோக்கர் வாயில் இந்த மூன்றும் ஒரே ‘கேரண்டி’ ஆகிவிடும்.

வாரண்டியில் மூன்று வகை உண்டு. தயாரிப்பாளர் வாரண்டி புதுக் காரோடு வருவது. நீட்டிப்பு வாரண்டி அது முடிந்த பின் தொடரப் பணம் கட்டி வாங்குவது. டீலர் வாரண்டி பழைய கார் விற்கும் கடை தருவது. மூன்றாவதைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். ‘என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி’ என்று தலைப்பில் போட்டு, உள்ளே ஒரு கோரிக்கைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் டர்போவுக்கு விலக்கும் இருக்கக்கூடும். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் வாய்ச்சொல் எதுவும் வாரண்டி ஆகாது.

எந்த மீட்டர் முதலில் முடியும்?

ஓட்டமும் வாரண்டியும் ஒன்றையொன்று தொடுவது இங்கேதான். பல தயாரிப்பாளர்கள் வாரண்டியை வருடத்திலும் கிலோமீட்டரிலும் சேர்த்தே தருகிறார்கள். இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அதோடு முடிந்தது. சில பிராண்டுகளில் கிலோமீட்டர் வரம்பு கிடையாது, அங்கே தேதி மட்டும்தான். கணக்கு தொடங்குவது முதல் உரிமையாளருக்கு வண்டி கொடுத்த நாளில், நீங்கள் வாங்கும் நாளில் அல்ல.

நான்கு வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று ஒரு வாரண்டியை வைத்துக்கொண்டு, 2026 ஜனவரியில் இரண்டு வண்டி பார்க்கிறோம் என்று கணக்குப் போடுவோம். முதல் வண்டி 2022 மார்ச்சில் டெலிவரி, ஓட்டம் 28,000. கிலோமீட்டரில் இன்னும் 72,000 மிச்சம். ஆனால் மார்ச்சோடு நான்கு வருடம் முடிகிறது. உங்கள் கைக்கு வருவது இரண்டு மாதம். இரண்டாவது வண்டி 2023 அக்டோபர், ஓட்டம் 88,000. தேதிப்படி 21 மாதம் மிச்சம், தூரத்தில் 12,000 மட்டும். நீங்கள் மாதம் 1,500 கி.மீ. ஓட்டுகிறவர் என்றால் எட்டு மாதம் தாங்கும்.

‘கம்மி ஓட்டம், வாரண்டி இருக்கு’ என்ற விளம்பரம் முதல் வண்டிக்குப் பொருந்தும், பொய்யும் இல்லை. நான்கு மடங்கு வாரண்டி கிடைப்பதோ இரண்டாவதில். எந்த வண்டியைப் பார்த்தாலும் மிச்ச மாதம், மிச்ச கிலோமீட்டரை உங்கள் மாத ஓட்டத்தால் வகுத்த எண் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டில் சின்னதுதான் உங்கள் வாரண்டி.

அந்தச் சின்ன எண்ணும் எப்போது பூஜ்யமாகும்?

முதல் காரணம், தவறிய சர்வீஸ். மேலே பார்த்த மூன்று வருட ஆயில்காரரின் வண்டியில் டர்போ போனால், சர்வீஸ் மையம் முதலில் தேதிகளைத்தான் பார்க்கும்.

இரண்டாவது, ரீமேப். என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் குதிரைத்திறன் எடுப்பது அது. விற்கும் முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று நினைப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் இப்படிப் பிடிபட்டதற்கு டிடி1 என்று ஒரு குறியீடு நிறுவனப் பதிவில் ஏறும். வண்டியை மீண்டும் பழையபடி மாற்றினாலும் பதிவு போகாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கேட்டுவிடுங்கள். சுவர்ணக்கெண்டை மாதிரிப் பளபளக்கும் அலுமினியக் காற்றுக் குழாய், வெளியிலிருந்து வாங்கிய ஃபில்டர், வெடிக்கிற சத்தத்தில் சைலன்சர் எல்லாம் ரீமேப்பும் இருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

மூன்றாவது, பந்தயத் தடம். எண்பதுகள் வரை சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்க வடசென்னையே கிளம்பிப் போகும். 1990-லிருந்து அந்த இடத்தை இருங்காட்டுக்கோட்டைத் தடம் எடுத்துக்கொண்டது. சொந்தக் காரில் தடத்தில் ஓட்டுவது குற்றம் இல்லை, ஆசையாகவும் இருக்கும். ஆனால் போட்டியிலோ தடத்திலோ ஓடியதால் வந்த சேதத்தை வாரண்டிகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. டயரின் தோள் பகுதி நான்கிலும் கிழிந்து உருண்டிருந்தால், டிஸ்க்கில் நீலச் சாயல் ஏறியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

நான்காவது வெள்ளம். இங்கே வாங்குகிறவர் இதைத் தாண்டிப் போகவே முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் எத்தனை தெருவில் தண்ணீர் நின்றது என்பது நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் மணல், சீட்டு ரயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு எல்லாம் தண்ணீரின் கையெழுத்து. உயர்ரக வண்டிகளில் பல கணினிப் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் பின்பக்கத் தரையிலும் இருப்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

காகிதத்திலும் ஒரு துப்பு இருக்கிறது. நோ க்ளெய்ம் போனஸ் என்பது ஒரு வருடம் இன்சூரன்ஸ் கோரிக்கை இல்லாவிட்டால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். கோரிக்கை வைத்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2021 வண்டியின் 2024 பாலிசியில் பூஜ்யம் என்றால், 2023-ல் என்ன கோரிக்கை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தத் தள்ளுபடி உரிமையாளரோடு போவது, வண்டியோடு அல்ல. அதனால் 50 சதவீதம் இருப்பதை மட்டும் வைத்து வண்டி சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

விலையில் எப்படி ஏற்றுவது?

வாரண்டி உள்ள வண்டிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்? சேசிஸ் எண்ணோடு சர்வீஸ் அட்வைசரிடம் நான்கு பாகத்துக்கு எஸ்டிமேட் வாங்குங்கள்: கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு அலகு, டர்போ, ஒரு ஜோடி முன் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), வாட்டர் பம்ப். ஒவ்வொன்றும் வாரண்டியில் வருகிறதா என்று கையேட்டிலேயே காட்டச் சொல்லுங்கள். வருகிறவற்றின் கூட்டுத்தொகைதான் வாரண்டி இல்லாத வண்டியில் நீங்கள் சுமக்கும் ஆபத்து. நான்கும் ஒரே வருடத்தில் போகாது. அதனால் அவற்றில் விலை அதிகமான ஒன்றுக்குத் தனியாக எடுத்துவைக்கப் பணம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், வாரண்டி இல்லாத, ஒழுங்கான பில் வரலாறு உள்ள வண்டியை விலை குறைத்து எடுப்பது நல்ல பேரம். இல்லையென்றால் வாரண்டி வண்டிக்கே போங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். டயர், டிஸ்க், பேட் செலவு எந்த வண்டியானாலும் உங்கள் தலையில்தான், அதை வாரண்டிக் கணக்கில் கலக்காதீர்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டி எண், சேசிஸ் எண், அன்றைய ஓட்டம், வாரண்டி முடியும் தேதியும் கிலோமீட்டரும், அது புது உரிமையாளர் பெயருக்கு மாறும் என்ற உறுதி, மாற்றத்துக்கான ஆய்வுக் கட்டணம் யார் பொறுப்பு என்பது. ‘அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனையில் ரீமேப், வெள்ளம், மீட்டர் மாற்றம் ஏதாவது தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு வரி. பிறகு இக்னிஷனைப் போட்டு, மீட்டரில் ஓட்டம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, அங்கேயே விற்பவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.